நேரில் பார்த்து வரைந்தவை

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று போனில் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொண்டுதான் இருப்பாய். உன் வீட்டுப் போன் எப்போது எடுக்கும், எப்போது எடுக்காது என்பது அந்த மலைக்கே வெளிச்சம். அதனால்தான் கடிதம்.

ஆபரேஷன் முடிந்து எலும்பும் தோலுமாக வந்து நின்றவளை, ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் நீயும் அத்தானும் வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து நான் வரைந்த படங்களை இங்கே ஒரு கூடத்தில் மாட்டினார்கள். 'நேரில் பார்த்து வரைந்தவை' என்று நான்தான் பெயர் வைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். மில்லின் டிசைன் பிரிவில் போர்வைக்கும் ஜன்னல் திரைக்கும் பூ வரைந்தே பாதி ஆயுளை ஓட்டினவள் நான். அதில் ஒரு பூவைக்கூட செடியில் பார்த்ததில்லை. பேட்டர்ன் புத்தகத்தைப் பார்த்து, ஒரு இதழைக் கூட்டி, ஒரு இலையைக் குறைத்து, புது டிசைன் என்று மேனேஜரிடம் நீட்டுவேன். அவரும் தலையாட்டுவார்.

உன் சரிவில் அந்த வேலை நடக்கவில்லை. அந்த ஊதா மணிப்பூவை முதலில் வரைந்தபோது ஈரத்தில் நன்றாக இருந்த நிறம் காய்ந்ததும் செத்துப்போனது. எத்தனை தாளைக் கிழித்தேன் என்று உனக்குத் தெரியும், அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டதே நீதான். காலையில் அந்தப் பூவுக்கு அடியில் லேசாக ஒரு சிவப்பு ஓடுகிறது என்று கண்டுபிடித்த அன்றைக்குத்தான் படம் பிடிபட்டது.

கூட்டம் வந்தது, அக்கா. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து பேட்டி எடுத்தாள். நான் உட்கார்ந்து பார்க்காத ஒரு இதழ்கூட இதில் இல்லை என்றேன். அவள் நம்பாததுபோல் பார்த்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் வீடு வரும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே போட்டிருக்கிறாள். கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். அத்தானுக்குப் படித்துக் காட்டு.

உன் தங்கை

செப்டம்பர் 6

தங்கச்சிக்கு,

பேப்பர் துண்டு கிடைத்தது. அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெட்டிகளைப் பற்றி வந்திருக்கிறது என்று கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் முதலில் இரண்டு பெண்கள் குடையோடு வந்தார்கள். உன் படத்தைப் பார்த்து வந்தோம் என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போட்டுக் கொடுத்து, நீ உட்கார்ந்த வாளியைக்கூடக் காட்டினேன். அதற்குப் பிறகு கார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் திருப்பத்திலிருந்து நம் வாசல்வரை கார்தான். ஒருவர் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர், மணிப்பூ படத்தில் இன்னும் அடர்த்தியாக இருந்ததே, எங்கே போய்விட்டது என்று என்னிடம் கணக்குக் கேட்டார். நான்தான் தின்றுவிட்டேன் என்று வாய்வரை வந்தது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வருகிறவர்கள் கை நிறையப் பறிக்கிறார்கள். நீ வாளி போட்ட இடத்தில் நின்றுதான் எல்லோருக்கும் படம் எடுக்க வேண்டும். அங்கே ஒரு தடமே விழுந்துவிட்டது. பூ குறைந்தால் தேன் குறையும். அத்தான் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்தப் பத்திரிகைப் பெண்ணிடம் ஏதாவது எழுதச் சொல்ல முடியுமா? பறிக்காதீர்கள், மிதிக்காதீர்கள் என்று?

மருந்தை விடாமல் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மனது கொஞ்சம் சுருங்கிப்போனது. நான் என்னவோ ஆள் வைத்து அனுப்பினதுபோல் எழுதியிருக்கிறாய். பூ நம் வீட்டுச் சொத்தா? வாழ்க்கை முழுக்கப் போர்வையில் மட்டும் பூவைப் பார்த்த ஜனங்கள் ஒரு நாள் நேரில் பார்க்கட்டுமே என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் வருவார்கள், பிறகு வேறு ஏதாவது கிடைத்ததும் அங்கே போய்விடுவார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன். இப்போது வேண்டாம், அடுத்த மாதம் இன்னொரு ஊரில் படங்களை மாட்டப்போகிறார்கள், அதற்கு அவள்தான் எழுதப்போகிறாள். வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாக என் பெயர் போட்டு ஒரு படம் தொங்குகிறது. நீயாவது அதைப் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

தங்கை

அக்டோபர் 11

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒருவன் பெரிய கேமரா வைத்திருந்தான், போனில் உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே மாதிரி எடுக்க வேண்டும் என்று நின்றான். உன் படத்தில் தேன்பெட்டி இடப்பக்கம் இருந்ததாம். நம் சரிவில் அது வலப்பக்கம் இருக்கிறது. எப்போதும் வலப்பக்கம்தான் இருந்தது. அவன் அதைத் தூக்கி இடப்பக்கம் வைக்கப் பார்த்திருக்கிறான். மூடி கழன்று விழுந்தது, தேனீ மொத்தமும் கிளம்பிவிட்டது.

அவர்களோடு வந்த சின்னப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். பெரியவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். உன் அத்தான் முகவலையைத் தேடவில்லை. அப்படியே ஓடி, சட்டையைக் கழற்றி அந்தக் குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு இரண்டு மூன்று கொட்டுதான். அவருக்கு முகத்தில் இடமே பாக்கியில்லை. வலது கண்ணின் கருவிழியிலேயே கொடுக்கு ஏறியிருந்தது. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல் என்பது உனக்குத் தெரியும். இருந்த நல்ல கண் அதுதான்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

அக்டோபர் 20

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

அந்தப் பெட்டியை இடப்பக்கம் வைத்தது நான்தான். படத்தில் இடது மூலை வெறுமையாக இருந்தது. மணிப்பூ மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்திருந்ததால் எடை ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு பெட்டியைத் தூக்கி அங்கே போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. மில்லில் தினமும் செய்த வேலைதான், கை தானாகவே செய்துவிட்டது. அதற்கும் 'நேரில் பார்த்தது' என்று பெயர் வைத்து மாட்டினேன். நான் பிரஷ்ஷால் நகர்த்தினதை அவன் கையால் நகர்த்தினான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ பறிக்காதீர்கள் என்று எழுதச் சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை. அடுத்த கண்காட்சி கெட்டுவிடும் என்று பார்த்தேன். இரண்டு வரி வந்திருந்தால் நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்லவில்லை.

அத்தான் என்ன சொல்கிறார் என்று மட்டுமாவது எழுது. திட்டினால் திட்டினதையே எழுது.

நவம்பர் 2

தங்கச்சிக்கு,

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அதை ஏன் எழுதவில்லை?

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும் அன்று வார்டு நர்ஸ் ஒருத்தி சொன்னாள். நகக்கண்ணில் ஊதா நிறம் ஒட்டின ஒரு அம்மா வந்து வார்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றார்களாம், நான் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேனாம், எழுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்களாம். வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். சொன்னால் கேட்டுவிடுவதா? என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய், அன்றைக்கு மட்டும் கேட்பதற்கு? உள்ளே வந்து என்னிடம் இரண்டு அறை வாங்கிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தால் என் ஆத்திரம் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும். உனக்கு உன் வருத்தம்தான் பெரிதாகப் போயிற்று.

அத்தான் திட்டவில்லை. "அவ படம் வரைஞ்சா. மூடியத் தொறந்தது அவளா?" என்கிறார். எனக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. பிடிபடாது.

இப்போது வேறு ஒரு வினை வந்திருக்கிறது. ஓர் அதிகாரி வந்தார். கையில் நீ எனக்கு அனுப்பிய அதே பேப்பர் துண்டு. இந்தச் சரிவைச் சமன் செய்து கார் நிறுத்தம், சிமெண்ட் நடைபாதை, கடை வரிசை எல்லாம் போடப்போகிறார்களாம். பார்க்க வருகிறவர்களுக்கு ஆபத்து என்பதால் தேன்பெட்டிகளை எடுத்துவிட வேண்டுமாம். புகழ்பெற்ற இடமாகிவிட்டது, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்றார். மாதக் கடைசியில் முடிவு செய்வார்களாம்.

அவருக்குக் கண் தெரியாவிட்டாலும் பெட்டிப் பக்கம் போனால் சத்தத்தை வைத்தே எது நன்றாக இருக்கிறது, எது வாடியிருக்கிறது என்று சொல்கிறார். அதுவும் போய்விட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை எதுவும் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. சொல்ல வேறு ஆளில்லை.

அக்கா

நவம்பர் 18

அக்காவுக்கு,

நாளைக்கோ மறுநாளோ பேப்பரில் என்னைப் பற்றி வரும். படித்துவிட்டுப் பதறாதே. யார் வந்து கேட்டாலும் என்னைத் தெரியாது என்று சொல். அத்தானிடமும் சொல்லி வை.

அந்தப் பத்திரிகைப் பெண்ணைத் தேடிப் போனேன். மில்லை விட்டு வரும்போது எடுத்துவந்த பழைய பேட்டர்ன் புத்தகங்களைக் கொண்டுபோய் அவள் மேசைமேல் வைத்தேன். அந்தச் சரிவை நான் பார்த்ததே இல்லை, எல்லாம் இதைப் பார்த்து வரைந்தது என்றேன். ஒரு பக்கத்தில் மணி மாதிரி ஒரு பூ இருந்தது. நம் ஊதா மணியோடு அதற்குத் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படியே இருக்கு" என்றாள்.

எனக்கு அங்கேதான் வலித்தது, அக்கா. உண்மையைச் சொன்ன அன்றைக்கு நம்பாமல் பார்த்தவள், பொய்யைச் சொன்னதும் ஒரு கேள்வி இல்லாமல் நம்பிவிட்டாள்.

"அப்போ அந்த வழியெல்லாம் எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டுச் சொன்னேன் என்றேன். "இப்போ எதுக்கு வந்து சொல்றீங்க?" என்றாள். மனசு உறுத்துகிறது என்றேன். அவளிடம் நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

கூடத்துக்காரர்களிடமும் படம் வாங்கினவர்களிடமும் போன வாரமே இதைச் சொல்லிவிட்டேன், படங்களைக் கூடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வாங்கினவர்களில் சிலர் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அறை முழுக்க உன் சரிவுதான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இதனால் கார் நிறுத்தம் நின்றுவிடும் என்று நான் நிச்சயமாகச் சொல்லவில்லை. அத்தானின் கண் வரப்போவதில்லை என்பதும் தெரியும். என் கையில் கொடுப்பதற்கு இது ஒன்றுதான் இருந்தது.

தங்கை

டிசம்பர் 14

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடியே சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அதிகாரியும், இன்னொரு பத்திரிகைக்காரரும் வந்தார்கள். சரிவைச் சுற்றிப் பார்த்தார்கள். மிதிபட்டு, பறிபட்டு, பாதி இடம் மொட்டையாகக் கிடந்தது. படத்தில் இருப்பதுபோல் இங்கே ஒன்றுமே இல்லையே என்று அதிகாரி சிரித்தார். பிறகு உள்ளே வந்து என்னைக் கேட்டார், அந்த அம்மா இங்கே தங்கினார்களா என்று.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க" என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை. நன்றாகவே வந்தது பொய்.

நீ அத்தானுக்கு வரைந்து கொடுத்த படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரி அதன் முன்னால் போய் நின்றார். போர்வை வாங்கியபோது மேலே வைத்துக் கட்டியிருந்த அட்டை, நன்றாக இருந்ததால் மாட்டினோம் என்று என்னவோ உளறினேன். அப்போது கட்டிலிலிருந்து இவர் சொன்னார்: "கண்ணு தெரியாத வீட்டுக்குப் படம் எதுக்குங்க. வேணும்னா எடுத்துட்டுப் போங்க." அந்தப் பத்திரிகைக்காரர் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர்கள் பேப்பரில் வந்தது, போர்வை அட்டையும் இந்த அம்மாவின் படமும் ஒன்றுதான் என்று.

கார் நிறுத்தத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். வேறு ஏதோ அருவிக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு. கார்கள் நின்றுவிட்டன. பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீ நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் இதையும் கேள். காப்பி அடித்தவள் என்று கடையில் உன்னைக் 'காப்பியம்மா' என்கிறார்கள். போர்வைக்காரி வந்து ஊரையே ஏமாற்றிவிட்டாள் என்று சிரிக்கிறார்கள். நேற்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். நீ எத்தனை விடியற்காலையில் பனியில் கை விறைத்துப்போய் அந்த வாளியில் உட்கார்ந்திருந்தாய் என்று நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் இப்போது பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ இங்கே வா. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், உடம்பு சரியில்லாதவள், வருவாள் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே இருந்த நாட்களில் நீ கடைப்பக்கமே இறங்கினதில்லை, உன் முகம் பேப்பரிலும் வந்ததில்லை, அது ஒரு நல்லதாய்ப் போயிற்று. படம் வரைவாளா என்று கடைக்காரர் சும்மா விளையாட்டுக்குக் கேட்டார். அவளுக்குக் கோலம்கூட நேராக வராது என்றேன். மன்னித்துக்கொள்.

அக்கா

டிசம்பர் 23

அக்கா,

நீ அழுதது போதும். நீ சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன், உன்னைவிடச் சத்தமாக.

பொங்கிப் பொங்கி ஒரு பக்கம் எழுதி, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தை பிறந்ததும் வருகிறேன். கலர்ப் பெட்டி எடுத்துவர மாட்டேன். நகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அத்தான் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று மட்டும் தெரியவில்லை. முகம் தெரியாதே என்று நீ சொல்வாய். அதுதான் எனக்குப் பயம்.

தங்கை

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

பஸ் கிடைத்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி பற்றிப் பேசினோம், ஒழுகுகிற கூரை பற்றிப் பேசினோம். அதனால் எழுதுகிறேன்.

கடைசி நாள் சாயங்காலம் நீயும் அவரும் பின்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சமையலறையில் இருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. அவர் உன்னிடம் கேட்டார், ஆட்கள் மிதித்து விழுந்த அந்தத் தடம் எப்படி இருக்கிறது என்று. "எனக்கு எல்லாம் ஒரே பழுப்பாத் தெரியுது. நீ பாத்துச் சொல்லு. உனக்குத்தான் சரியாப் பாக்கத் தெரியும்."

நீ தடத்தின் பக்கம் திரும்பினாய். பிறகு சொன்னாய். ஓரத்தில் மஞ்சள் வந்துவிட்டது என்றாய். தடத்தின் நடுவில் ஊதா மணி கொத்துக் கொத்தாக நிற்கிறது, அடியில் லேசாகச் சிவப்பு ஓடுகிறது என்றாய். ஒவ்வொன்றாக, எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ, எது சாய்ந்திருக்கிறது, எது இன்னும் மொட்டு என்று வெளிச்சம் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் வழியாக அந்தத் தடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு புல்கூட இல்லை. எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் இரவு என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்தாய்.

நீ போன மறுநாள் காலையில் அவர் எழுந்து யாரையும் கூப்பிடாமல் கம்பை ஊன்றிக்கொண்டு சரிவில் ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே போனேன், சத்தம் போடாமல். தடத்துக்குப் போனதும் கம்பைக் கீழே வைத்துவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தரையைத் தடவினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். தடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தவழ்ந்தே போய்த் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு முன்னால் இறங்கி வந்து அடுப்படியில் நின்றுகொண்டேன்.

வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா மேல வரைக்கும். அவ சொன்னது சரிதான், நல்லாப் பூத்திருக்கு. எழுதும்போது சொல்லிடு" என்றார்.

முழங்கை வரைக்கும் மண். சொம்பில் தண்ணீர் எடுத்து நானே கழுவிவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொன்னதை உனக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மழைக்கு வா. அதற்குள் ஏதாவது முளைத்திருக்கும். முளைக்காவிட்டாலும் வா.

அக்கா